‘சல்மா’ என்றால் என்ன அர்த்தம்? விராலிமலை சாலையில் ஒரு பெயரின் கதை

விராலிமலைக்காரர்களுக்கு அலாரம் தேவையில்லை. மலையைச் சுற்றித் திரியும் மயில்கள் அகவ ஆரம்பித்தால் விடிந்துவிட்டது என்று அர்த்தம். மலைமேல் மயில்மீது அமர்ந்த ஆறுமுகன், இரு பக்கமும் வள்ளி, தெய்வானை. புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்த ஊரில் சண்முகம், வேலாயுதம், வள்ளி என்று கூப்பிட்டால் யாராவது ஒருவராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

‘சல்மா’ என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்கும். சல்மா பேகம், சல்மா பானு, உம்மு சல்மா என்று ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தப் பெயர் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்துப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. செல்போனில் இந்தப் பெயருக்குப் பொருள் தேடினால் ‘அமைதி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள விராலிமலையிலிருந்தே புறப்படலாம். ஏனென்றால் ‘சல்மா’வின் சொந்தக்காரச் சொல் ஒன்று இந்த மலையோடு தொடர்புள்ள ஒருவரின் பாட்டிலேயே இருக்கிறது.

திருப்புகழில் ஒரு சலாம்

வயலூரில் இருந்த அருணகிரிநாதரை ‘விராலிமலைக்கு வா’ என்று முருகனே அழைத்ததாகவும், வழி தெரியாமல் தவித்தவருக்கு வேடன் வடிவில் வந்து வழிகாட்டியதாகவும் தலபுராணம் சொல்கிறது. இங்கே அவர் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் இன்றும் ஓதப்படுகின்றன. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் அவர். தெருவில் புழங்கும் சொல் எதுவானாலும் தாளத்துக்குப் பொருந்தினால் தயங்காமல் எடுத்துக்கொள்வார். சுவாமிமலைத் திருப்புகழ் ஒன்றில் இந்திரன், திருமால், பிரமன் என எல்லோரும் முருகனுக்கு ‘சலாம்’ இடுகிறார்கள். ஆமாம், அதே சலாம்தான். கந்தர் அலங்காரத்தில் மயிலேறும் முருகனை ‘ராவுத்தன்’ என்றும் கூப்பிடுகிறார். ராவுத்தன் என்றால் குதிரைவீரன். இது அரபிச் சொல் அல்ல; ஆனால் இந்த வட்டாரத்து இஸ்லாமியர்களில் பலர் ராவுத்தர்கள். அறுநூறு வருடங்களுக்கு முன்பே இந்தச் சொற்கள் தமிழ்க் காதுக்கு அந்நியமாக இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த ‘சலாம்’ என்ற அரபிச் சொல்லின் வேர் மூன்றே எழுத்துகள்: ஸீன், லாம், மீம். அதாவது ஸ, ல, ம. அரபியில் பெரும்பாலான சொற்கள் இப்படி மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்துதான் கிளைக்கும். நடுவில் உயிரொலிகளை மாற்றி மாற்றிப் போட்டால் புதுப்புதுச் சொற்கள். சலாம், இஸ்லாம், முஸ்லிம், சலீம், சலீமா, சல்மா எல்லாம் இந்த ஒரே வேரில் முளைத்தவை.

அந்த வேரின் அடிப்படைப் பொருள் அமைதி என்பதைவிட ‘பழுதில்லாமல் இருப்பது’ என்பதற்குத்தான் நெருக்கம். உடையாத பானை, காயம்படாத உடம்பு, ஆபத்தைத் தாண்டி வீடு வந்து சேர்ந்த ஆள். நம்ம ஊரில் வெளியூர் போய்த் திரும்பிய பிள்ளையைப் பார்த்துப் பாட்டிகள் ‘நல்லபடியா வந்து சேர்ந்தியாப்பா’ என்பார்களே, அந்த ‘நல்லபடியா’தான் இது. அந்த நிம்மதியிலிருந்துதான் அமைதி என்ற பொருள் வருகிறது. ஆக, சல்மா என்றால் ‘எந்தச் சேதமும் இல்லாதவள், பத்திரமாக இருப்பவள்’.

பாம்பு கடித்தவனும் ‘சலீம்’தான்!

இதே வேரில் பிறந்த ‘சலீம்’ என்ற சொல்லுக்கு அரபி அகராதிகள் ஒரு விசித்திரமான பொருளையும் சொல்கின்றன. சலீம் என்றால் நலமாக இருப்பவன். ஆனால் பழங்கால அரபிகள் பாம்பு கடித்துக் கிடப்பவனையும் சலீம் என்றே அழைத்தார்கள். ‘கடிபட்டவன்’ என்று வாயால் சொன்னால் அபசகுனம். பிழைத்துவிடுவான் என்ற நம்பிக்கையில் ‘நலமானவன்’ என்றே சொல்லிவிடுவது!

தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உலகத்திலேயே விஷமுள்ள பாம்புக்கு ‘நல்ல பாம்பு’ என்று பெயர் வைத்தவர்கள் நாம்.

இந்த இடத்தில்தான் சல்மா என்ற பெயருக்கு இன்னொரு அழுத்தம் கிடைக்கிறது. பத்திரமாக இருப்பவளுக்கு மட்டும் வைக்கும் பெயர் அல்ல. பத்திரமாக இருக்க வேண்டுமே என்ற கவலையிலும் வைக்கும் பெயர். பெயர் நல்ல பொருளோடு இருக்க வேண்டும் என்பதில் நபிகள் நாயகம் கவனமாக இருந்ததை ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. ‘ஹர்ப்’ (போர்) என்ற பெயரை அவர் ‘ஸில்ம்’ (சமாதானம்) என்று மாற்றியதாக அபூதாவூத் தொகுப்பில் குறிப்பு உண்டு. மாற்றிய பெயரும் நம்முடைய ஸ-ல-ம வேர்தான்.

அரபியின் உடன்பிறப்பான ஹீப்ரு மொழியில் சலாம், ‘ஷாலோம்’ ஆகிறது. அங்கிருந்து வந்த பெயர்தான் சாலமோன். அதன் அரபி வடிவம் சுலைமான். பெண்பாலில் சலோமி. ஆக, பட்டிமன்ற மேடையில் சிரிக்க வைக்கும் சாலமன் பாப்பையாவின் பெயரும், பக்கத்து வீட்டு சுலைமான் பாயின் பெயரும், சல்மாவும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். (சேலம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாங்கனி நகரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

மலையும் ஒரு சல்மா, வியாபாரியும் ஒரு சல்மா

இஸ்லாத்துக்கு முன்பிருந்தே இந்தப் பெயர் அரபு நாட்டில் உண்டு. பழைய அரபிக் கவிஞர்கள் காதலிக்கு வைத்த செல்லப் பெயர்களில் சல்மாவும் ஒன்று.

சல்மா என்ற பெயரில் ஒரு மலையே இருக்கிறது. சவுதி அரேபியாவின் வடக்கே ஹாயில் நகரத்தை ஒட்டி அஜா, சல்மா என்று இரண்டு மலைத்தொடர்கள். அஜா என்பவனும் சல்மா என்பவளும் காதலர்கள். ஓடிப்போனவர்களைத் துரத்திப் பிடித்துக் கொன்று, ஆளுக்கொரு மலையில் தொங்கவிட்டார்கள். அதனால் மலைகளுக்கு அந்தப் பெயர்கள் என்பது கர்ணபரம்பரைக் கதை. அந்த மலையடிவாரத்தில் வாழ்ந்த தய் குலத்தைச் சேர்ந்தவர்தான் வள்ளலுக்கு உதாரணமாகச் சொல்லப்படும் ஹாதிம் தாய். பத்திரமானவள் என்ற பெயர் கொண்டவளின் கதை இப்படி முடிந்திருப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இன்னொரு சல்மா அப்படி அல்ல. மதீனா அப்போது யஸ்ரிப் என்று அழைக்கப்பட்டது. அங்கே நஜ்ஜார் குலத்தில் அம்ர் என்பவரின் மகள் சல்மா. வியாபாரம் செய்த பெண்மணி. மக்காவிலிருந்து வணிகப் பயணம் வந்த ஹாஷிம் இவரைப் பெண் கேட்டார். சல்மா ஒரு நிபந்தனை போட்டார்: என் விஷயங்களை நானே முடிவு செய்வேன்; பிடிக்காவிட்டால் பிரிந்து போவேன். ஹாஷிம் ஒப்புக்கொண்ட பிறகே திருமணம். நபிகளாரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும் மிகப் பழைய நூலிலேயே இந்தச் செய்தி இருக்கிறது.

அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு முதலில் வைத்த பெயர் ஷைபா. ஹாஷிம் பயணத்தின்போது காஸாவில் இறந்துவிட, மகன் அம்மாவிடமே யஸ்ரிபில் வளர்ந்தான். பிறகு சித்தப்பா முத்தலிப் அவனை ஒட்டகத்தில் பின்னால் உட்காரவைத்து மக்காவுக்கு அழைத்து வந்தார். பார்த்தவர்கள் ‘முத்தலிப் ஒரு அடிமையை வாங்கி வந்திருக்கிறார்’ என்று நினைத்து ‘அப்துல் முத்தலிப்’ என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. அந்த அப்துல் முத்தலிப்தான் நபிகள் நாயகத்தின் தாத்தா. அதாவது இந்த சல்மா நபிகளாருக்குக் கொள்ளுப்பாட்டி. பெண் பிள்ளைக்கு சல்மா என்று பெயர் வைத்திருப்பவர்கள், வைக்கப்போகிறவர்கள் இந்தப் பாட்டியின் கதையையும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

நம்ம ஊர் நாக்கில்

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் பரவியதற்குப் பெரிய காரணம் இன்னொரு பெயர். நபிகளாரின் மனைவியரில் ஒருவர் உம்மு சலமா. சலமா என்பது அவருடைய மகன் பெயர். ‘உம்மு’ என்றால் தாய். சலமாவின் அம்மா என்று பொருள். நம் ஊர் நாக்கு இதைச் சுருக்கி ‘உம்மு சல்மா’ ஆக்கிவிட்டது. இரண்டும் வேறு வேறு பெயர்கள் என்றாலும் வேர் ஒன்றுதான் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அரபிப் பெயர்களைத் தமிழ்க் காதுக்கு ஏற்ப வளைத்துக்கொள்வதில் நம் பாட்டிமார் கைதேர்ந்தவர்கள். பாத்திமா, பாத்திமுத்து ஆவார். ஜைனப், செய்னம்பு ஆவார். ருகையா, ரொக்கையா ஆவார். இந்த ரொக்கையாவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்பவும் வருவார். பேகம், பீவி, பானு என்று பின்னால் ஒட்டுபவை அரபியே அல்ல. துருக்கி, பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தவை. ஒரே ஒரு ‘சல்மா பேகம்’ என்ற பெயருக்குள் இத்தனை தேசங்கள்.

சல்மாவுக்கு இந்த வளைப்பு அதிகம் தேவைப்படவில்லை. தமிழுக்கு அப்படியே பொருந்தும் இரண்டு அசை. ஸல்மா என்று எழுதினாலும் சல்மா என்று எழுதினாலும் உச்சரிப்பில் பிசகாது. அரபியில் எழுதும்போது மட்டும் ஒரு வேடிக்கை: கடைசியில் ‘யா’ எழுத்தின் உருவம் இருக்கும், ஆனால் ‘ஆ’ என்றுதான் படிக்க வேண்டும். ஹஜ்ரத் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து ‘சல்மி’ என்று படித்துவிடாதீர்கள்.

உலக அளவிலும் பெயருக்கு நல்ல வரவேற்பு. எகிப்து, மொராக்கோ தொடங்கி இந்தோனேசியா வரை சல்மாக்கள் உண்டு. ஹாலிவுட் நடிகை சல்மா ஹாயெக் மெக்சிகோவில் பிறந்தவர். அப்பா வழியில் லெபனான் வம்சம். ‘நிக்காஹ்’ (1982) படத்தில் நடித்துப் பாடிய சல்மா ஆகாவை இந்திப் பட ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கலீல் ஜிப்ரான் 1912-ல் அரபியில் எழுதிய ‘முறிந்த சிறகுகள்’ நாவலின் நாயகியும் சல்மாதான். மனம் விரும்பாத இடத்தில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். ஆனால் ஐரோப்பாவில் ‘செல்மா’ என்று கேட்டால் அவசரப்பட்டுச் சொந்தம் கொண்டாட வேண்டாம். இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற முதல் பெண்ணான ஸ்வீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லெவின் நாட்டில் அந்தப் பெயர் ஒரு பழைய ஸ்காட்லாந்துக் காவியத்தில் வரும் இடப்பெயரிலிருந்து பரவியது. ஒலி ஒன்று, ஊர் வேறு.

இத்தனை சல்மாக்கள் இருந்தாலும் தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் ஒருவர்தான். அவருடைய ஊர் விராலிமலைக்குப் பக்கம்.

துவரங்குறிச்சியில் ஒரு ஜன்னல்

விராலிமலையில் மதுரை பஸ் ஏறினால், அதே நெடுஞ்சாலையில் அடுத்த பெரிய ஊர் துவரங்குறிச்சி. திருச்சி மாவட்டம். 1968-ல் அங்கே பிறந்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டவர். தோழிகளோடு சினிமா தியேட்டருக்குப் போனதுதான் உடனடிக் காரணமாயிற்று. வயதுக்கு வந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அந்த வயதுப் பெண்கள் பலருக்கும் நடந்ததுதான். அதன் பிறகு கல்யாணம் வரைக்கும் வீடு, ஒரு ஜன்னல், கிடைத்த புத்தகங்கள்.

ஊர் நூலகத்தின் ருசியை ஏற்கெனவே கண்டுவிட்டவர். படிப்பை நிறுத்தினாலும் எழுதுவது நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அது இன்னும் கடினமாயிற்று. எல்லோரும் தூங்கிய பிறகு ராத்திரியில் கழிவறைக்குள் நின்றுகொண்டு, காலண்டரில் கிழித்த தாளிலும் கிடைத்த துண்டுக் காகிதத்திலும் கவிதை எழுதியதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுதிய தாள்கள் அம்மாவிடம் போய்ச் சேரும். அம்மா அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தபாலில் அனுப்புவார். மகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாத அதே அம்மா, மகளின் கவிதைகளை வெளியே அனுப்பினார்.

கவிதையை அனுப்பினால் போதுமா? கீழே பெயர் போட வேண்டுமே. சொந்தப் பெயரைப் போட்டால் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு புனைபெயர் தேவைப்பட்டது.

சல்மா.

யாருக்கும் தெரியாமல், சேதம் எதுவும் வராமல் இருக்க ஒரு பெண் தேடிய மறைவிடத்தின் பெயர், ‘சேதமில்லாதவள்’ என்று அர்த்தம் தரும் பெயராக அமைந்துவிட்டது. பாம்பு கடித்தவனை சலீம் என்று அழைத்த கதை இங்கே திரும்ப ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது.

தமிழில் புனைபெயர் புதிதல்ல. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு ‘சுஜாதா’ ஆனார். ஸ்ரீவேணுகோபாலன் ‘புஷ்பா தங்கதுரை’ ஆனார். ஆண்கள் பெண் பெயரில் எழுதியது ஒரு வசதிக்காக, ஒரு சுவாரஸ்யத்துக்காக. உண்மைப் பெயர் தெரிந்தபோது வாசகர்கள் புன்னகைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் பெயருக்குள் போய் ஒளிந்துகொள்வது அந்தக் கணக்கில் சேராது.

2000-ல் காலச்சுவடு வெளியீடாக ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ வந்தது. 2003-ல் ‘பச்சை தேவதை’. அடுத்த வருடம் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல். வீட்டுக்குள்ளேயே வளையவரும் இஸ்லாமியப் பெண்களின் பேச்சு, சிரிப்பு, ஏக்கம், சண்டை எல்லாம் முதன்முறையாக உள்ளிருந்தே ஒருவர் சொன்னதுபோல இருந்தது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினோட்டோ இவருடைய வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்து, 2013-ல் சன்டான்ஸ் விழாவில் திரையிட்டார். படத்தின் தலைப்பும் ‘சல்மா’தான்.

இதற்கு நடுவே 2001-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. துவரங்குறிச்சியை உள்ளடக்கிய பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வேட்பாளராக வீட்டிலிருந்து யாரையாவது நிறுத்த வேண்டும். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். போஸ்டரில் முகமும் பெயரும் வந்த பிறகு புனைபெயர் எதை மறைக்கும்? ரகசியம் அதோடு முடிந்தது.

வேட்புமனுவில், வாக்காளர் பட்டியலில், அரசாங்கத் தாள்களில் அவர் பெயர் ரொக்கையா மாலிக். ஞாபகத்தில் வைக்கச் சொன்ன அதே ரொக்கையா. நபிகளாரின் மகள்களில் ஒருவரான ருகையாவின் பெயர். உயர்வு என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது. ஆக, மறைக்கப்பட்ட பெயரும் அரபிதான், மறைத்த பெயரும் அரபிதான். இரண்டுமே நல்ல பொருளுள்ள பெயர்கள். எதைச் சொல்லி ஊர் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்பதில்தான் வித்தியாசம்.

ரகசியம் உடைந்த பிறகு புனைபெயரை அவர் கழற்றி வைத்திருக்கலாம். தேவை தீர்ந்துவிட்டதே! வைக்கவில்லை. 2006 சட்டமன்றத் தேர்தலில் மருங்காபுரித் தொகுதியில் ரொக்கையா மாலிக்காகப் போட்டியிட்டுத் தோற்றார். பிறகு தமிழ்நாடு சமூக நல வாரியத்தின் தலைவரானார். 2016-ல் ‘மனாமியங்கள்’ நாவல் வந்தது, அட்டையில் சல்மா.

2025-ல் மாநிலங்களவைக்கு தி.மு.க. வேட்பாளர்களை அறிவித்தபோது பட்டியலில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருந்தன: ரொக்கையா மாலிக் என்கிற கவிஞர் சல்மா. அந்த ஜூலையில் டெல்லியில் பதவியேற்றார்.

துவரங்குறிச்சியில் இன்றைக்கு ‘சல்மா வீடு எது’ என்று கேட்டால், யாரும் ‘எந்த சல்மா’ என்று திருப்பிக் கேட்பதில்லை.